கப்பல் ஏறும்போது கையில் என்ன இருந்தது?

திருச்சியிலிருந்து துறையூர் செல்லும் சாலையில், ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவில் திருவெள்ளறை என்னும் ஊர் இருக்கிறது. 'அறை' என்றால் பாறை. வெண்ணிறப் பாறைக் குன்றின் மேல் அமைந்த புண்டரீகாட்சப் பெருமாள் கோயிலால் பெயர் பெற்ற ஊர் அது. அங்கே ஒரு பழைய கிணறு உண்டு. பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில், சுமார் 1200 ஆண்டுகளுக்கு முன்பு, கம்பன் அரையன் என்பவர் அதை வெட்டுவித்தார். மேலிருந்து பார்த்தால் ஸ்வஸ்திக வடிவம். நான்கு பக்கமும் நான்கு படிக்கட்டுகள். ஒவ்வொரு படிக்கட்டும் சிறிது தூரம் சென்று வளைந்து கீழே இறங்குகிறது. ஒரு படிக்கட்டில் இறங்குபவரை மற்றொன்றில் இறங்குபவர் பார்க்க முடியாது. ஆனால் நான்கு பேரும் போய்ச் சேருவது ஒரே தண்ணீருக்குத்தான்.

மாணவ நண்பர்களே, உங்களில் பலருக்கு, 'வெளிநாட்டுப் பல்கலைக் கழகம் ஒன்றில் விஞ்ஞானம் படிக்க வேண்டும்' என்ற எண்ணம் இருக்கும். உங்கள் வீட்டிலும் அதைப் பற்றிப் பேச்சு நடந்திருக்கும். 'அங்கே போனால்தான் விஞ்ஞானி ஆகலாம்' என்பார் ஒருவர். 'இங்கே இல்லாதது அங்கே என்ன இருக்கிறது? கடன்தான் மிஞ்சும்' என்பார் மற்றொருவர். இருவரும் அவரவர் படிக்கட்டில் நின்று பேசுகிறார்கள். அடுத்த படிக்கட்டு அவர்களுக்குத் தெரிவதில்லை.

இரண்டு படிக்கட்டுகளையும் ஒருசேரப் பார்க்க ஒரு வழி உண்டு. திருவெள்ளறையில் பேருந்து ஏறி, மண்ணச்சநல்லூர், நம்பர் 1 டோல்கேட் ஆகியவற்றைத் தாண்டிக் கொள்ளிடப் பாலத்தைக் கடந்தால் திருவானைக்காவல் வரும். அந்த ஊரோடு தொடர்புடைய ஒரே குடும்பத்தில் இரண்டு விஞ்ஞானிகள் தோன்றினார்கள். ஒருவர் படிக்க வெளிநாடு போகவில்லை. மற்றொருவர் போனார். இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இருவர் வாழ்க்கையிலும் ஒரு கப்பல் பயணம் வருகிறது. அந்த இரண்டு பயணங்களையும் கவனித்தால் நம் கேள்விக்கு விடை கிடைக்கும்.

ஊரிலேயே படித்த சித்தப்பா

1888 நவம்பர் 7-ஆம் நாள், திருவானைக்காவலில் தம் தாய்வழிப் பாட்டனாரின் வீட்டில் பிறந்தவர் சந்திரசேகர வெங்கட ராமன். நாம் அறிந்த சர் சி. வி. ராமன்தான் அவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1907-இல் எம். ஏ. பட்டம் பெற்றார். மாணவராக இருந்தபோதே, 1906-இல், ஒளியைப் பற்றிய அவருடைய கட்டுரை லண்டனிலிருந்து வெளிவந்த 'ஃபிலாசஃபிக்கல் மேகஸின்' இதழில் அச்சாயிற்று. இத்தகைய மாணவரை இங்கிலாந்துக்கு அனுப்ப வேண்டும் என்று ஆசிரியர்கள் நினைத்தது இயற்கையே. ஆனால் சென்னையில் அவரைச் சோதித்த அரசு மருத்துவர், 'இந்த உடம்பு இங்கிலாந்தின் குளிரைத் தாங்காது' என்று சொல்லிவிட்டார். பயணம் நின்றது.

ராமன் அரசுத் தேர்வு எழுதி, நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா போனார். அங்கே பௌபஜார் தெருவில் இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் என்ற நிறுவனம் இருந்தது. அலுவலகம் போவதற்கு முன்பும், அலுவலகம் முடிந்த பின்பும் அங்கே போய் ஆராய்ச்சி செய்தார். 1917-இல் கல்கத்தாப் பல்கலைக் கழகத்தில் இயற்பியல் பேராசிரியர் பதவி ஏற்றார்.

1921-இல்தான் ராமன் முதன் முதலாக ஐரோப்பா சென்றார். அதுவும் மாணவராக அல்ல, ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த பல்கலைக் கழகங்களின் மாநாட்டுக்குப் பிரதிநிதியாக. மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரைக் கவர்ந்தது. 'கடலின் நீலம், வானத்தின் நீலம் அதில் பிரதிபலிப்பதே' என்று பெரிய விஞ்ஞானி ரேலே கூறியிருந்தார். ராமன் அதை அப்படியே ஏற்கவில்லை. அவர் சட்டைப்பையில் நிக்கல் பட்டகம் என்ற சிறு கருவி இருந்தது. நீரின் மேற்பரப்பிலிருந்து குறிப்பிட்ட கோணத்தில் பிரதிபலிக்கும் ஒளியை அதன் வழியே பார்த்துத் தடுத்துவிடலாம். திரும்பி வரும் கப்பலின் மேல்தளத்தில் நின்று அதன் வழியே கடலைப் பார்த்தார். வானத்தின் பிரதிபலிப்பு மறைந்தது. கடலின் நீலமோ மறையவில்லை, இன்னும் தெளிவாகவே தெரிந்தது. அப்படியானால் நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன! கப்பல் பம்பாய்த் துறைமுகத்தை (இன்றைய மும்பை) அடைந்ததும் இதைப் பற்றி 'நேச்சர்' இதழுக்கு எழுதி அனுப்பினார். இந்தக் கேள்வியைத் தொடர்ந்து சென்றதன் பலனாக, 1928 பிப்ரவரி 28 அன்று 'ராமன் விளைவு' கண்டறியப்பட்டது.

கவனியுங்கள்: கப்பலில் ஆயிரக்கணக்கானோர் அந்தக் கடலைக் கடந்திருக்கிறார்கள். ராமனிடம் மட்டும் இருந்தவை இரண்டு. சட்டைப்பையில் ஒரு கருவி. மனத்தில் ஒரு கேள்வி.

பத்தொன்பது வயதில் ஒரு பயணம்

ராமனின் அண்ணன் சி. சுப்பிரமணிய ஐயர் ரயில்வே கணக்குத் துறையில் அதிகாரி. அவர் லாகூரில் பணியாற்றியபோது, 1910 அக்டோபர் 19 அன்று பிறந்த மகன் சுப்பிரமணியன் சந்திரசேகர். தாயார் சீதாலட்சுமி நிறையப் படித்தவர். நார்வே நாட்டு நாடகாசிரியர் இப்சனின் 'பொம்மை வீடு' நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவர். 1918-இல் குடும்பம் சென்னைக்கு வந்தது. சந்திரசேகர் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும், பின்பு சித்தப்பா படித்த அதே மாநிலக் கல்லூரியிலும் படித்தார்.

1928-இல் ஜெர்மன் விஞ்ஞானி சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தார். அணுவைப் பற்றி அவர் எழுதிய நூலைச் சந்திரசேகர் முன்பே ஊன்றிப் படித்திருந்தார். அந்தத் துணிச்சலில் அவர் தங்கியிருந்த விடுதிக்கே நேரில் போனார். சோமர்ஃபெல்ட் சொன்ன செய்தி திகைக்க வைத்தது: 'நீ படித்த நூல் பழையதாகிவிட்டது. அணுவின் இயற்பியலே இப்போது மாறிவிட்டது.' பிறகு, எலெக்ட்ரான்களைப் பற்றிய புதிய கணக்கு முறையில் தாம் எழுதி இன்னும் வெளிவராத ஒரு கட்டுரையின் அச்சுப்படியை அந்த மாணவரிடம் கொடுத்தார்.

வேறொருவர் மனம் ஒடிந்து திரும்பியிருக்கலாம். சந்திரசேகர் அந்தக் கட்டுரையைப் படித்தார்; நூலகத்தில் அதற்கு முன்பின் உள்ளவற்றைத் தேடினார்; சில மாதங்களில் புதிய முறையைப் பயன்படுத்தித் தாமே ஒரு கட்டுரை எழுதினார். அதைக் கேம்பிரிட்ஜில் இருந்த ரால்ஃப் ஃபௌலருக்கு அனுப்பினார். 1929-இல் அது லண்டன் ராயல் சொஸைட்டியின் இதழில் வெளிவந்தது. அப்போது சந்திரசேகருக்கு வயது 18.

1930-இல் இந்திய அரசின் உதவித்தொகை கிடைத்தது. கேம்பிரிட்ஜ் டிரினிடி கல்லூரியில் அதே ஃபௌலரிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர வழி பிறந்தது. ஆனால் வீட்டில் தாயார் கடும் நோயில் படுத்திருந்தார். 'இந்த நிலையில் மகன் போகலாமா?' என்று உறவினர் கேட்டனர். 'போகத்தான் வேண்டும்' என்று சொன்னவர் தாயாரே. 1930 ஜூலை 31-ஆம் நாள் பம்பாயில் கப்பல் ஏறியபோது, திரும்பி வரும்வரை தாயார் இருப்பாரா என்பது அவருக்குத் தெரியாது. அடுத்த ஆண்டு மே மாதம், மகன் கேம்பிரிட்ஜில் இருக்கும்போதே, தாயார் காலமானார். அந்தக் காலத்தில் சென்னைக்கு வந்து சேர மூன்று வாரம் ஆகும். அவர் வர முடியவில்லை. 'வெளிநாட்டுப் படிப்பு' என்று நாம் எளிதாகச் சொல்லும் சொல்லுக்குள் இத்தகைய விலையும் அடங்கியிருக்கிறது.

கப்பலில் போட்ட கணக்கு

அரபிக் கடலைக் கடந்த பிறகு, மேல்தளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சந்திரசேகர் ஒரு கணக்கைத் தொடங்கினார். அது என்ன கணக்கு என்பதை உயர்நிலைப் பள்ளிக் கணிதத்தைக் கொண்டே நாமும் போட்டுப் பார்க்கலாம்.

விண்மீன் என்பது ஒரு பெரிய வாயு உருண்டை. அதன் ஈர்ப்பு விசை அதை உள்நோக்கி இழுக்கிறது. உள்ளே உள்ள வெப்பத்தால் வாயு வெளிநோக்கித் தள்ளுகிறது. இரண்டும் சமமாக இருக்கும்வரை விண்மீன் நிலைத்திருக்கும். எரிபொருள் தீர்ந்து வெப்பம் குறைந்தால் விண்மீன் சுருங்கும். எதுவரை சுருங்கும்? வானத்தில் அப்படிச் சுருங்கிய விண்மீன்கள் உண்டு. அவற்றுக்கு 'வெண்குள்ளன்' என்று பெயர். சிரியஸ் என்னும் ஒளிமிக்க விண்மீனின் துணை விண்மீன் ஒரு வெண்குள்ளன். அதன் நிறை ஏறக்குறைய சூரியனின் நிறை; அதன் பருமனோ பூமியின் அளவுதான். அதன் பொருளில் ஒரு தேக்கரண்டி எடுத்தால் 10 டன்னுக்கு மேல் இருக்கும்!

இத்தனை நெருக்கத்தில் அதை மேலும் நொறுங்காமல் தாங்குவது எது? 1926-இல் ஃபௌலர் இதற்கு விடை சொன்னார். அதைப் புரிந்துகொள்ளத் திருச்சி மலைக்கோட்டைப் படிகளை நினைத்துக் கொள்ளுங்கள். 'ஒரு படியில் இருவருக்கு மேல் நிற்கக் கூடாது' என்று ஒரு விதி இருப்பதாக வைத்துக் கொள்வோம். கூட்டம் வந்தால் என்ன ஆகும்? கீழ்ப்படிகள் நிரம்பிவிடும், பின்னால் வருபவர்கள் மேலே ஏறித்தான் ஆக வேண்டும். எலெக்ட்ரான்களுக்கும் இத்தகைய விதி உண்டு. அவற்றுக்குப் 'படி' என்பது ஆற்றல் நிலை. மேல்படியில் இருக்கும் எலெக்ட்ரானுக்கு வேகம் அதிகம். விண்மீன் சுருங்கி இடம் குறையக் குறைய, எலெக்ட்ரான்கள் மேலும் மேலும் உயர்ந்த நிலைகளுக்குத் தள்ளப்படுகின்றன. விண்மீன் குளிர்ந்தாலும் இந்த வேகம் குறையாது. ஏனெனில் கீழ்ப்படிகளில் இடமே இல்லை. இந்த வேகத்தால் உண்டாகும் அழுத்தமே வெண்குள்ளனைத் தாங்குகிறது.

இப்போது கணக்கு. ஒரு வெண்குள்ளனின் ஆரம் பாதியாகிறது என்று கொள்வோம். ஆரம் பாதியானால் ஈர்ப்பு விசை 4 மடங்காகும். அந்த விசை அழுத்தும் பரப்பு நான்கில் ஒன்றாகும். ஆகவே அதைத் தாங்குவதற்குத் தேவையான அழுத்தம் 4 × 4 = 16 மடங்கு.

எலெக்ட்ரான்கள் தரும் அழுத்தம் எத்தனை மடங்காகும்? ஆரம் பாதியானால் பருமன் எட்டில் ஒன்று. ஆகவே ஒரு கன சென்டிமீட்டரில் உள்ள எலெக்ட்ரான்கள் 8 மடங்கு. நெருக்கத்தால் ஒவ்வோர் எலெக்ட்ரானின் உந்தமும் 2 மடங்கு. வேகமும் 2 மடங்கு. அழுத்தம் இம்மூன்றின் பெருக்கல் பலனைப் பொறுத்தது: 8 × 2 × 2 = 32 மடங்கு. தேவை 16, கிடைப்பது 32. எனவே விண்மீன் சிறிது சுருங்கினாலே போதும், அழுத்தம் ஈர்ப்பை வென்றுவிடும். எவ்வளவு பெரிய விண்மீனாக இருந்தாலும் கடைசியில் வெண்குள்ளனாகி அமைதியாக அடங்கிவிடும். ஃபௌலரின் முடிவு அதுதான்.

கப்பலில் இருந்த மாணவருக்கு இங்கே ஓர் ஐயம் எழுந்தது. நிறை மிகுந்த விண்மீனில் எலெக்ட்ரான்கள் எவ்வளவு வேகமாக ஓடும்? கணக்கிட்டுப் பார்த்தார். ஒளியின் வேகத்தை நெருங்கும் வேகம்! ஒளியின் வேகமான நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டரை எந்தப் பொருளும் மிஞ்ச முடியாது என்பது ஐன்ஸ்டீனின் சார்பியல் தத்துவம். அப்படியானால், ஏற்கெனவே உச்ச வேகத்தில் ஓடும் எலெக்ட்ரானின் வேகத்தை இரண்டு மடங்காக்க முடியாது. உந்தம் கூடும், வேகம் கூடாது. இப்போது பெருக்கிப் பாருங்கள்: 8 × 2 × 1 = 16 மடங்கு. தேவை 16, கிடைப்பதும் 16!

சுருங்கித் தப்பித்துக்கொள்ளும் வழி அடைபட்டுவிட்டது. தொடக்கத்தில் ஈர்ப்பு சற்று மிகுதியாக இருந்தால், எவ்வளவு சுருங்கினாலும் அது மிகுதியாகவே இருக்கும். ஆகவே வெண்குள்ளன் தாங்கக் கூடிய நிறைக்கு ஓர் எல்லை உண்டு. இன்றைய கணக்கில் அது சூரியனின் நிறையைப் போல் ஏறக்குறைய 1.4 மடங்கு. இதற்கே 'சந்திரசேகர் எல்லை' என்று பெயர். (எஸ்டோனியாவில் ஆண்டர்சனும் இங்கிலாந்தில் ஸ்டோனரும் தனித்தனியே இதே திசையில் கணக்கிட்டிருந்தனர். ஒரே தண்ணீருக்கு இறங்கும் வேறு படிக்கட்டுகள்!)

அந்த எல்லையைத் தாண்டிய விண்மீனின் மையம் என்ன ஆகும்? அது வெண்குள்ளனாக அடங்க முடியாது, மேலும் நொறுங்கும். நியூட்ரான் விண்மீன்களும் கருந்துளைகளும் இப்படித்தான் உண்டாகின்றன என்பதை நாம் இன்று அறிவோம். 1930-இல் இதை யாரும் எதிர்பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 19-ஆம் நாள் சந்திரசேகர் லண்டன் போய்ச் சேர்ந்தார். கேம்பிரிட்ஜின் வாயிலை மிதிக்கும் முன்பே, அவர் வாழ்நாளின் புகழ்பெற்ற கண்டுபிடிப்பின் வித்து காகிதத்தில் இருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் சித்தப்பா ராமன், இந்தியாவில் செய்த ஆராய்ச்சிக்காக, ஸ்டாக்ஹோமில் நோபல் பரிசு பெற்றார்.

கேம்பிரிட்ஜ் என்ன கொடுத்தது?

'கண்டுபிடிப்பின் வித்து கப்பலிலேயே விழுந்துவிட்டது என்றால், கேம்பிரிட்ஜுக்கு ஏன் போக வேண்டும்?' என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி.

முதலாவதாக, அங்கே அவருக்குக் கிடைத்தது பணிவு. சென்னையில் அவருக்கு இணையான மாணவர் அரிது. கேம்பிரிட்ஜிலோ டிராக், எடிங்டன், ரூதர்ஃபோர்டு போன்றவர்கள் அன்றாடம் கண்ணெதிரே நடந்து போனார்கள். தாம் எவ்வளவு சிறியவர் என்பதை முதல் சில மாதங்களில் உணர்ந்து அவர் மிகவும் சோர்ந்து போனார். சைவ உணவை விடாத அவருக்குச் சாப்பாடும் எளிதாக இல்லை, தனிமையும் வாட்டியது. ஆனால் அந்தச் சோர்விலேயே நாள்தோறும் பல மணி நேரம் உழைக்கும் வழக்கத்தை வளர்த்துக்கொண்டார்.

இரண்டாவதாக, கற்ற இடம் ஒன்றோடு நிற்கவில்லை. 1931 கோடையில் ஜெர்மனியின் கோட்டிங்கனுக்குப் போனார். டிராக் சொன்ன யோசனைப்படி மூன்றாம் ஆண்டை டென்மார்க்கில், கோபன்ஹேகனில், நீல்ஸ் போரின் நிறுவனத்தில் கழித்தார். 1933-இல் டாக்டர் பட்டமும் டிரினிடி கல்லூரியின் ஃபெலோ பதவியும் பெற்றார்.

மூன்றாவது, கசப்பானது, ஆனால் முக்கியமானது: எதிர்ப்பு. 1935 ஜனவரி 11 அன்று லண்டன் ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் சந்திரசேகர் தம் முடிவை விளக்கினார். அவருக்கு அடுத்து எடிங்டன் எழுந்தார். அன்றைய வானியலாளர்களில் அவருக்கு நிகரான புகழுடையவர் இல்லை. மாணவப் பருவத்தில் சந்திரசேகருக்குப் பரிசாகக் கிடைத்த விண்மீன் நூல் அவர் எழுதியதே. அவர், 'விண்மீன் இவ்வாறு நொறுங்கிக்கொண்டே போவது அபத்தம். இதைத் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருக்க வேண்டும்' என்ற பொருளில் பேசினார். அவையில் சிரிப்பு எழுந்தது. கணக்கில் பிழை என்ன என்று எடிங்டன் காட்டவில்லை. இளைஞர் சொல்வதே சரி என்று போரைச் சுற்றியிருந்த விஞ்ஞானிகள் தனிப்பட்ட முறையில் ஒப்புக்கொண்டார்கள். பொது மேடையில் சொல்ல யாரும் முன்வரவில்லை.

சந்திரசேகர் என்ன செய்தார்? சண்டையை வளர்க்கவில்லை, முடிவையும் மாற்றிக்கொள்ளவில்லை. 1937 ஜனவரியில் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக் கழகத்தில் பணியில் சேர்ந்தார். தம் கணக்கு முழுவதையும் விண்மீன்களின் அமைப்பு பற்றி 1939-இல் வெளியிட்ட நூலில் எழுதி வைத்துவிட்டு, வேறு ஆராய்ச்சிக்குத் திரும்பினார். எடிங்டனோடு நட்பையும் விடவில்லை. காலம் அவர் பக்கம் வந்தது. 1983-இல், கப்பலில் கணக்குப் போட்டு 53 ஆண்டுகளுக்குப் பின்பு, அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1995-இல் அவர் மறைந்தார். 1999-இல் விண்ணில் ஏவப்பட்ட ஓர் எக்ஸ்-கதிர் தொலைநோக்கிக்கு 'சந்திரா' என்று அவர் பெயரையே வைத்தார்கள்.

ஆக, வெளிநாட்டுப் படிப்பு அவருக்குக் கேள்வியைக் கொடுக்கவில்லை. அது சென்னையிலிருந்தே போயிற்று. அந்தக் கேள்வியை உரசிப் பார்க்கும் கல்லைத்தான் கொடுத்தது. உரைகல் எவ்வளவு நல்லதானாலும், உரைப்பதற்குக் கையில் பொன் வேண்டும் அல்லவா?

இன்று நீங்கள் போக விரும்பினால்

இன்று கப்பல் இல்லை. திருச்சியிலிருந்தே ஆகாய விமானம் ஏறலாம். வீட்டாருடன் தினமும் முகம் பார்த்துப் பேசலாம். வாய்ப்புகளும் அன்றைவிடப் பல மடங்கு. ஆனால் சில உண்மைகளை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் பணம். விஞ்ஞானத்தில் டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கட்டணம் கட்டுவதில்லை. அமெரிக்கப் பல்கலைக் கழகங்கள் பலவற்றில் ஆராய்ச்சி மாணவருக்குக் கல்விக் கட்டணம் நீக்கப்படுகிறது. பாடம் கற்பிக்க உதவுவதற்கோ, ஆராய்ச்சியில் பங்கேற்பதற்கோ மாத ஊதியமும் தருகிறார்கள். மாறாக, முதுகலைப் பட்டத்துக்குப் பெரும்பாலும் சொந்தப் பணமே செலவாகும். 'வெளிநாட்டுப் படிப்பு' என்ற ஒரே பெயரில் இந்த இரண்டும் பேசப்படுவதால் பல குடும்பங்கள் குழம்பி, தேவையில்லாத கடனில் இறங்குகின்றன. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக் கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் தங்குவதற்கும் உண்பதற்கும் பணம் இருப்பதை முன்கூட்டியே காட்ட வேண்டும். உதவித்தொகைகளும் உண்டு: அமெரிக்காவுக்கு ஃபுல்பிரைட்-நேரு, பிரிட்டனுக்குக் காமன்வெல்த், ஜெர்மனிக்கு டாட், ஐரோப்பாவின் பல நாடுகளுக்கு எராஸ்மஸ் முண்டஸ். பட்டியல் இனத்தவர் உள்ளிட்ட சில பிரிவு மாணவர்களுக்கு மத்திய சமூக நீதித் துறையின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை இருக்கிறது. ஆண்டுதோறும் விதிகள் மாறுவதால், அந்தந்த நிறுவனத்தின் அறிவிப்பையே நேரில் படியுங்கள். இடைத்தரகர் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள்.

அடுத்து, படிப்பின் அளவு. அமெரிக்காவில் இளங்கலைக்குப் பிறகு நேரே டாக்டர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் பல இடங்களில் நான்கு ஆண்டு இளங்கலைப் படிப்பை எதிர்பார்ப்பார்கள். ஐரோப்பாவில் பொதுவாக முதுகலை முடித்திருக்க வேண்டும். ஆங்கிலத் தேர்வு ஒன்று அநேகமாக எல்லா இடத்திலும் உண்டு. 'தமிழ் வழியில் படித்தோமே' என்று இதற்காக அஞ்ச வேண்டாம். தாய்மொழியில் தெளிவாகப் புரிந்த விஞ்ஞானம் வேறு மொழிக்குப் போனாலும் தேய்வதில்லை. மொழியை ஓரிரண்டு ஆண்டு முயற்சியில் கற்றுவிடலாம். புரியாமல் மனப்பாடம் செய்த பாடத்தை எந்த மொழியும் காப்பாற்றாது.

கடைசியாக, கையில் என்ன இருக்கிறது என்பது. ஆராய்ச்சிக்கு மாணவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பதில்லை. 'இவர் தாமாக எதையாவது செய்து பார்த்திருக்கிறாரா? இவரை அறிந்த ஆசிரியர்கள் என்ன எழுதுகிறார்கள்?' என்று பார்க்கிறார்கள். சந்திரசேகர் ஃபௌலருக்கு அனுப்பிய கட்டுரையை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் இடம் கேட்பதற்கு முன்பே தம் வேலையைக் காட்டிவிட்டார். நீங்கள் கல்லூரிக்குப் போனதும், கோடை விடுமுறையில் ஆராய்ச்சிக் கூடங்களில் பணியாற்ற இந்திய விஞ்ஞானக் கழகங்கள் நடத்தும் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஒரு ஆராய்ச்சியாளருக்குக் கடிதம் எழுதும்போது, 'எனக்கு இடம் தாருங்கள்' என்று தொடங்காமல், 'உங்கள் கட்டுரையில் இந்த இடம் எனக்கு விளங்கவில்லை. நான் இப்படிக் கணக்கிட்டேன்' என்று தொடங்கிப் பாருங்கள்.

போக முடியாமற் போனாலோ? ராமனை மறக்க வேண்டாம். அவர் மாணவராக இருந்த காலத்தில் இல்லாத பல வாய்ப்புகள் இன்று நம் நாட்டில் உள்ளன. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகம், மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனம், சென்னை கணித அறிவியல் நிறுவனம், 2006 முதல் தொடங்கப்பட்ட ஐஸர் நிறுவனங்கள் ஆகியவற்றில் ஆராய்ச்சி மாணவருக்கு உதவித்தொகை உண்டு. அங்கே படித்துவிட்டுப் பிறகு வெளிநாடு செல்வோரும் உண்டு. வெளிநாட்டில் படித்து இங்கே திரும்பி வந்து ஆராய்ச்சிக் கூடம் அமைப்போரும் உண்டு.

சிதம்பரத்தில் 1952-இல் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனின் கதையும் இங்கே நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவின் ஒஹையோ பல்கலைக் கழகத்தில் 1976-இல் இயற்பியலில் டாக்டர் பட்டம் பெற்ற பிறகு, தம் ஆர்வம் உயிரியலில் என்பதை உணர்ந்து, கலிஃபோர்னியாவில் மறுபடியும் மாணவராகச் சேர்ந்து அடிப்படை உயிரியலைப் படித்தார். 2009-இல் ரைபோசோம் ஆராய்ச்சிக்காக அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. பட்டம் பெற்றுவிட்டோமே என்று அவர் தயங்கவில்லை. கேள்வி எங்கே இழுத்ததோ அங்கே போனார்.

இன்றைக்கே தொடங்கலாம்

உங்கள் ஊர்ப் பேருந்து திருவானைக்காவலைக் கடக்கும்போது இந்த இரண்டு பயணங்களை நினைத்துப் பாருங்கள். ஒருவர் சட்டைப்பையில் ஒரு சிறு பட்டகம். மற்றொருவர் மடியில் காகிதமும் பென்சிலும். இரண்டுக்கும் கூட்டிப் பார்த்தாலும் பெரிய செலவில்லை. கேள்விக்கோ விலையே இல்லை.

ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். பாடம் படிக்கும்போது 'இது ஏன் இப்படி?' என்று தோன்றுவதை எல்லாம், விடை தெரியாவிட்டாலும், தேதியிட்டு எழுதி வையுங்கள். அவற்றில் ஒன்றுக்காவது நீங்களே ஒரு சோதனையோ ஒரு கணக்கோ செய்து பாருங்கள். விடை தவறாக வந்தால் ஆசிரியரிடம் காட்டி, எங்கே தவறு என்று கேளுங்கள். ஐந்தாறு ஆண்டுகள் கழித்து நீங்கள் விமானம் ஏறினாலும் சரி, பெங்களூருக்கு ரயில் ஏறினாலும் சரி, திருச்சியிலேயே ஒரு கல்லூரிக்குச் சைக்கிளில் போனாலும் சரி, அந்த நோட்டுப் புத்தகம் கூட வரட்டும்.